துரு இல்லை

மூன்று வைத்திருந்தேன்.
இனி ஆளுக்கு இரண்டுதான் என்று கடிதம் வந்தது.
முத்திரை மங்கல், கையெழுத்து மங்கல்,
கடைசித் தேதி மட்டும் பளிச்சென்று.

மண்டபத்தில் இரும்பு வைத்திருப்பது
பால் வைத்திருப்பது மாதிரி.
ஒரு ராத்திரி மறந்தால் போச்சு.
என் ஐஸ் பேக்டரியில் போல்ட்டுக்கு ஆயுள் ஒன்பது மாதம்,
சைக்கிள் கம்பிக்கு ஒரு கச்சான்.

மூத்தது கீழக்கரையில் வாங்கியது.
சங்கு வியாபாரம் செய்த வீட்டில்
பாகம் பிரித்தபோது யாரும் கேட்காமல் நின்றது.
பீரோவுக்குச் சண்டை, தொட்டிலுக்குக்கூடச் சண்டை,
இதற்கு இல்லை.
லிவரை இறக்கி ஏற்றினால்
உண்டியலில் சில்லறை விழுகிற சத்தம்.
ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.
தோட்டா இனி எந்தக் கடையிலும் கிடையாது.

இரண்டாவது மூணாறு எஸ்டேட் ஏலம்.
கட்டையில் ஏழு வெட்டு.
எவனோ ஒரு துரை ஏழு தடவை பேனாக்கத்தி எடுத்திருக்கிறான்.
மிளாவா, புலியா, வெறும் பன்றியா,
எழுதி வைக்கவில்லை.
ஏழாவது மட்டும் ஆழம் இல்லை.
என் கட்டைவிரல் அங்கேதான் போய் நிற்கும்,
ஏன் பாதியில் நிறுத்தினான் என்று.

மூன்றாவது வின்செஸ்டர்.
நூற்றுப் பதினெட்டு வயது.
குழலில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம்.
லிவர் திறந்தால் திறந்ததே தெரியாது,
மூடும்போது மட்டும் ஒரு சின்ன 'ம்'.

"என்னண்ணே சுட்டிருக்கீங்க?"
ஐஸ் ஏற்ற வருகிற பையன்கள் கேட்பார்கள்.
துருவை, என்பேன்.
சிரிப்பார்கள்.
பதினாறு வருடமாகச் சுடுகிறேன்,
விடிவதற்குள் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

எதைக் கொடுப்பது?
எமரென்சியாவுக்குச் சந்தேகமே இல்லை:
கெட்டுப்போனதைத் தள்ளிவிடுங்க, நல்லதை வைங்க,
மீன் வாங்குகிற மாதிரிதானே.
சரி என்று படுத்தேன்.
மூன்று மணிக்கு எழுந்து
எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்தபோது
கீழக்கரைக்காரியின் பூட்டில்
செம்பொடி ஒரு சிட்டிகை.
நேற்றுத்தான் துடைத்தது.
இதை வாங்கி வைக்கிறவன்
நாளைக்குத் துடைப்பானா?

விடிந்ததும் வின்செஸ்டரை எடுத்துப்
பழைய வாயில் புடவையில் சுற்றினேன்.
நோஞ்சானுக்கு ஆள் வேண்டும்.
நல்லது எங்கேயும் நாலு நாள் தாங்கும்.

உச்சிப்புளி ஸ்டேஷன்.
ரைட்டர் கருமலையான் பெரிய நோட்டை விரித்தார்.
நம்பரை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்,
பேனாவை உதறிவிட்டு எழுதினார்:
'பழைய துப்பாக்கி ஒன்று. துருப்பிடித்தது.'

சார், துரு இல்லை.

"எல்லாத்துக்கும் அப்படித்தாண்ணே எழுதுறது.
நாளைக்கு எவனாச்சும் கேட்டா நமக்குச் சேஃப்டி."

துரு இல்லை சார்.
நீங்களே பாருங்கள், விரலை வைத்துப் பாருங்கள்.

எதிரே பெட்டிஷன் கொடுக்க வந்த இரண்டு பெண்கள்
பேச்சை நிறுத்திவிட்டார்கள்.
நாற்பத்தொன்பது வயதில்
ஒரு போலீஸ் மேசையில் என் குரல் உடைந்தது.
அம்மா செத்தபோதுகூட நான் ஐஸ் கணக்கு பார்த்தவன்.

கருமலையான் விரலை வைத்தார்.
ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.
லிவரை மெதுவாக இறக்கினார், ஏற்றினார்.
'ம்' என்றது.
அவரும் 'ம்' என்றார்.
எழுதியதை அடித்து, ஓரத்தில் சின்னக் கையெழுத்து,
பக்கத்தில்: 'துரு இல்லை.'
ரசீதில் மட்டும் அது வரவில்லை.
கார்பன் நழுவியிருந்தது.

வீட்டில் மூன்று ஜோடி ஆணி.
நடுவில் இருந்த காலி ஜோடியில்
எமரென்சியா கோயிலுக்குப் போகிற குடையை மாட்டிவிட்டாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நீளம் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது.

இப்போது கச்சான் தொடங்கிவிட்டது.
இரண்டையும் துடைத்து முடித்தபிறகும்
துணியில் எண்ணெய் மிச்சம் இருக்கிறது.
ஸ்டேஷனில் பின்பக்க அறை,
ஆஸ்பெஸ்டாஸ் கூரை,
ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை.
வரும்போது எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.